யாரோ ஒரு பெண்ணின் குரல்

“எத்தனை வியூஸ் போச்சு?” சொந்தக் கவிதைகளைச் சொந்தக் குரலில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த நொடி இந்தக் கேள்விதான் வருகிறது. கவிதை எதைப் பற்றி என்று கேட்பவர்கள் அபூர்வம். புத்தகம் போட்ட காலத்தில் “எத்தனை காப்பி போச்சு?” என்பார்கள். “முதல் பதிப்பு முடியப் போகுது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கட்டிலுக்கடியில் கிடக்கும் கட்டுகளை யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. இப்போது அந்தப் பொய்க்கும் வழியில்லை. எண்ணிக்கை வீடியோவுக்குக் கீழேயே நிற்கிறது. எதிர்வீட்டு மாமிகூடப் பார்த்துவிட்டு, “என்னம்மா, இருநூத்திச் சொச்சம்தானா?” என்று துக்கம் விசாரிக்கிறார்.

நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவள். எண் என்றால் எனக்கு இளப்பம் கிடையாது. ஆனால் இந்த எண் எதை எண்ணுகிறது என்ற சந்தேகம் பதிவுகளை ஏற்றிய முதல் வாரமே தொற்றிக்கொண்டது. யாரோ ஒருவர் கவிதையைக் கடைசி வரி வரைக்கும் கேட்கிறார், ஆனால் எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை. அது கேட்டதாகாதா? எழுதியவளுக்கு அதனால் என்ன பயன்? பெரம்பூர் ரயில் நிலைய நடைமேடையில், அலுவலகத்தில் டேலி கணக்கு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, இதையே மென்றுகொண்டிருந்தேன்.

முதலில் பதிவைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் வசதி இல்லை. போனஸில் மிச்சம் பிடித்த பணம்தான் மொத்த மூலதனம். ரிச்சி தெருவில் கடைக்காரப் பையன் கண்டென்சர் மைக்கை எடுத்துக் காட்டி, “யூடியூபர்ஸ் எல்லாம் இதைத்தான் மேடம் வாங்கறாங்க” என்றான். நல்ல மைக்தான், ஆனால் அமைதியான அறைக்கு. எங்கள் வீட்டில் அது என் குரலோடு மாடி மோட்டாரையும், பக்கத்து வீட்டு குக்கர் விசிலையும், “பழைய இரும்பு, பழைய பேப்பர்” என்று ரெக்கார்டு போட்டபடி வரும் வண்டியையும் பாகுபாடே இல்லாமல் கேட்கும். வாயருகில் வைத்துப் பேசினால் மட்டும் காதுகொடுக்கிற டைனமிக் மைக்கை வாங்கிக்கொண்டு வந்தேன். பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து, தொங்கும் புடவைகளுக்குள் முகத்தை நுழைத்து, முதுகுக்குப் பின்னால் கொடியில் ரஜாய் ஒன்றைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுப் படிப்பேன். பட்டுப்புடவையும் ரஜாயும் சேர்ந்தால் எதிரொலி சுத்தமாக அடங்கிவிடுகிறது. வியர்வைதான் அடங்குவதில்லை. ‘ப’ வரும் இடங்களில் மூச்சு மைக்கில் மோதி ‘பொத்’தென்று விழும். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கன்னத்தோரமாகச் சாய்த்து வைத்தால் அந்த அடி குறையும். ஒரே ஒரு கவிதையில் கடைசி வரிக்கு முன்னால் ரயில் ஹாரன் விழுந்துவிட்டது. பெரம்பூர்க்காரி எழுதிய கவிதையில் ரயில் வராமல் வேறு எதில் வரும் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

வெட்டுவது, ஒட்டுவது, ஒலியைச் சமப்படுத்துவது எல்லாம் தம்பியின் வேலை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் இலவசம், தம்பியும் இலவசம். யூடியூபுக்கு வரிகளைத் திரையில் ஓடவிடலாம் என்று ஆரம்பித்ததில்தான் பாதி வாரம் போனது. எங்களிடம் இருந்த பழைய எடிட்டிங் மென்பொருளில் தமிழை ஒட்டினால் ஒற்றைக் கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து பின்னால் போய் நின்றுகொள்ளும். ‘பெண்’ என்று கொடுத்தால் ‘ப’வுக்குப் பிறகு கொம்பு. கடைசியில் ஒவ்வொரு வரியையும் வேறு இடத்தில் தட்டச்சு செய்து, படமாகச் சேமித்து, படத்தை ஒட்டினோம். தமிழில் வீடியோ செய்கிற பலருக்கு இந்த வைத்தியம் தெரிந்திருக்கும்.

காசு போன வழி

மிச்சமிருந்த பணத்தில் பாதியை விளம்பரத்துக்கு ஒதுக்கினேன். ஒரு சமூக வலைத்தளத்தில் பதிவை ‘பூஸ்ட்’ செய்வது, அதாவது காசு கொடுத்து இன்னும் பலர் கண்ணில் படவைப்பது. வயது, ஊர், மொழி, ‘கவிதையில் ஆர்வம் உள்ளவர்கள்’ என்றெல்லாம் பொறுக்கி எடுத்துக் கொடுக்கலாம். போட்ட தொகைக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. சில நாட்களில் ஆயிரக்கணக்கானோரைச் ‘சென்றடைந்தது’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று தோண்டிப் பார்த்தால் மூன்று நொடி. கவிதையின் தலைப்பைச் சொல்லி முடிக்கவே எனக்கு நாலு நொடி ஆகும். பின்னூட்டங்களில் “ஹாய் சிஸ்டர்” இரண்டு, ரோஜாப்பூப் படம் போட்ட “குட் மார்னிங்” ஒன்று, கடன் வேண்டுமா என்று விசாரித்தது ஒன்று. என் அபிப்பிராயம் இது: விளம்பரம் ஏற்கெனவே தேவைப்படுகிற பொருளுக்குச் சரி. வீட்டில் குழாய் ஒழுகுகிறவன் பிளம்பர் விளம்பரத்தைத் தொடுவான். கவிதை தேவைப்படுகிறது என்று ராத்திரி பத்து மணிக்கு யாருக்குத் தெரியும்?

பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஏற்ற ஒரு விநியோகத் தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டினேன். அங்கே 30 நொடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம். தவிர, 2024 முதல் ஒரு பதிவு முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம்களாவது தொட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டியே கணக்கிடுவார்கள். ஒரு குறளை நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் பத்து நொடி தாண்டாது. வள்ளுவரே வந்து பீரோவுக்குள் நின்று படித்தாலும் ஒரு பைசா பெயராது. கேட்பவரிடமே நேரடியாக விற்கலாம் என்றால், பேண்ட்கேம்ப் போன்ற இசை விற்கும் தளங்களில் கலைஞருக்குப் பணம் பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகத்தான் வரும். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள்ளேயான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணம் மட்டும்தான். டொராண்டோவில் இருக்கும் தமிழருக்கு வைத்த கடை அண்ணா நகரில் இருப்பவருக்குப் பூட்டியே கிடக்கும். உள்ளூருக்கு யுபிஐ இருக்கவே இருக்கிறது, ஆனால் அதற்கு முதலில் அவர் கேட்டிருக்க வேண்டும்.

சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றேன். எண்ணிக்கை ஏறினால் காசு வரும் என்பதால்தானே எண்ணிக்கைமேல் இவ்வளவு பக்தி? ஆயிரத்தைத் தொடாத என்னைப் போன்றவளுக்கு இருநூறும் ஒன்றுதான், எழுநூறும் ஒன்றுதான், இரண்டுக்கும் சல்லிக்காசு கிடையாது. அப்படியிருக்க, யாரைப் பார்த்தாலும் ஏன் லிங்க்கை நீட்டிக்கொண்டிருந்தேன்? எதிர்வீட்டு மாமிக்குப் பதில் சொல்லத்தான் என்று நினைக்கிறேன்.

“லிங்க் வேணாம்க்கா”

எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை. பத்துக்கு எட்டு அளவில் ஒரு அறை, இரண்டு மெஷின். ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில், வழக்கம்போலக் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, “நான் கவிதை பேசிப் போட்டிருக்கேன், லிங்க் அனுப்பட்டுமா?” என்றேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “லிங்க் வேணாம்க்கா. தொட்டா எங்கெங்கயோ போவுது. ஆப்பைப் போடுன்னுது, நம்பரைக் கேக்குது, ஓடிபி கேக்குது. நடுவுல விளம்பரம் வேற. வாய்ஸ் மெசேஜ் மாரி அப்படியே அனுப்பிடுங்க. தைக்கும்போது ஓடவிட்டுக் கேக்குறேன்.”

இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான ஆலோசனை அதுதான். கையில் வேலை இருப்பவர்களுக்குத்தான் காது சும்மா இருக்கிறது. தைப்பவர்கள், பூக் கட்டுபவர்கள், சமைப்பவர்கள், சவாரிக்கு நடுவில் ஸ்டாண்டில் காத்திருக்கும் ஆட்டோக்காரர்கள். கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறவனை மூன்று நொடி நிறுத்தவே நான் ஜிஎஸ்டி கட்டினேன். இந்தப் பெண்ணோ கொக்கி வைத்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள், அடுத்தது தானாக ஓடினால் அதையும் கேட்பாள். லிங்க்கில் போனால் எண்ணிக்கை ஒன்று ஏறும். கோப்பாக அனுப்பினால் ஒன்றும் ஏறாது. யோசித்துப் பார்க்க அதற்குமேல் எதுவும் இல்லை.

தம்பியை நச்சரித்து எல்லாவற்றையும் சின்னக் கோப்பாக, மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3-ஆக மாற்றச் சொன்னேன். பேச்சுக்குரலுக்கு அது தாராளம். மூன்று நிமிடக் கவிதை ஒன்றரை எம்பிகூட வராது, டவர் சரியாக எடுக்காத இடத்திலும் இறங்கிவிடும். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச்சேரும். முதலில் இது தொல்லையாகத் தெரிந்தது, பிறகு இதைவிட நல்ல சல்லடை கிடையாது என்று பட்டது. பெயரைச் சேமித்து வைக்கிற அளவுக்கு மனசு உள்ளவர்களுக்கு மட்டும் கவிதை போகிறது. வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பினால் இன்னொரு சின்ன சந்தோஷம். அந்தப் பக்கம் ஓடவிட்டதும் மைக் குறி நீலமாகும். தையல் கடைப் பெண்ணுக்கு அனுப்பிய முதல் கவிதை ராத்திரி பதினொன்றரைக்கு நீலமாயிற்று. தீபாவளிக்கு முந்தைய வாரம், கடையில் ரவிக்கைகள் குவிந்து கிடந்த நேரம்.

கணக்குக்காரிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. என்னிடமிருந்து போகும் முதல் கைவரைக்கும்தான் அந்த நீலம் தெரியும். அவள் யாருக்கு அனுப்பினாள், அவர்கள் கேட்டார்களா என்று கேட்க ஆளில்லை. சில மாதங்கள் அப்படியே போயின.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் குழுவில், மதுரையில் இருக்கும் பெரியம்மா ஒரு ஆடியோவைப் போட்டார். மேலே இரட்டை அம்புக்குறி, அதாவது பலமுறை கைமாறி வந்தது. கீழே, “அருமை. அனைவரும் அவசியம் கேட்கவும்.” ஓடவிட்டால் என் குரல். ரயில் ஹாரன் உட்பட. ஆசையாக நான் வைத்திருந்த கோப்புப் பெயர் போய், ‘ஏயுடி’ என்று தொடங்கும் எண்வரிசை ஒன்றாகியிருந்தது. வழியில் யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்துவிட்ட குறிப்பையும் பெரியம்மா கூடவே அனுப்பியிருந்தார். எழுதியவர் என்று ஒரு பெரிய சினிமாப் பாடலாசிரியரின் பெயர். அதற்குக் கீழே: “குரல்: யாரோ ஒரு பெண்.”

நான் குழுவில், “பெரியம்மா, அது நான்தான்” என்று போட்டேன். “சும்மா இருடி, விளையாடாதே” என்று பதில் வந்தது. நான் பிறந்ததிலிருந்து என் குரலைக் கேட்டவர்.

ஆயிரத்துள் இப்பத்து

சந்தோஷமா எரிச்சலா என்று பிரிக்க முடியாத ஒன்றோடு அன்று முழுதும் கிடந்தேன். கவிதை இத்தனை கை மாறிப் போயிருக்கிறது, இதைத்தானே கேட்டேன்? ஆனால் எழுதியது ஓர் ஆண், அதிலும் பெரிய கவிஞர் என்றால்தான் நம்ப முடிகிறது. படித்ததற்குப் பெயரே வேண்டாம். “சங்கக் கவிஞனுக்கே அந்தக் கதிதானே” என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். குறுந்தொகை 40-ஆம் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் தெரியாமல், பாட்டில் வரும் ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற உவமையை வைத்தே அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். உண்மைதான். ஆனால் அப்படிப் பெயர் பெற நான் முதலில் அப்படி ஒரு வரி எழுத வேண்டும். அதுவரை எனக்கு என் பெயர் தேவைப்படுகிறது.

பெயரை எங்கே ஒட்டினாலும் உரிந்துபோகிறது. கோப்புப் பெயர் மாறிவிடும். உள்ளே பதித்த விவரங்களை வாட்ஸ்அப் காட்டாது. அட்டைப்படம் ஆடியோவோடு வராது. மிச்சம் இருக்கும் ஒரே இடம் குரல்தான். இது புதிய யோசனையும் இல்லை. 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடியபோது, பாட்டு முடிந்ததும் உரக்க “மை நேம் இஸ் கௌஹர் ஜான்” என்று அறிவித்தார். பதிவான தட்டுகள் அச்சாக ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறிப் போகும். அங்கே வேலை செய்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிவதற்காக அந்த ஏற்பாடு. எவரும் பிரித்துவிட முடியாதபடி பெயர் பாட்டோடு சேர்ந்தே அச்சாகிவிட்டது.

நம்மிடம் இது இன்னும் பழையது. சம்பந்தரின் பதிகங்களில் கடைசிப் பாட்டு திருக்கடைக்காப்பு, அதில் ஞானசம்பந்தன் என்ற பெயர் வந்துவிடும். நம்மாழ்வார் இன்னும் கறார். திருவாய்மொழியில் ஒவ்வொரு பத்து முடிந்ததும் கடைசிப் பாசுரத்தில் ‘குருகூர்ச் சடகோபன்’ என்று ஊரும் பேரும், ‘ஆயிரத்துள் இப்பத்து’ என்று எந்தத் தொகுதியில் எத்தனை பாட்டு என்ற கணக்கும், போதாததற்கு இதைச் சொன்னால் என்ன பலன் என்பதும் வரும். திருவல்லிக்கேணியில் மார்கழி இராப்பத்து உற்சவத்தில் இதைக் கோஷ்டியோடு கேட்டிருக்கிறேன். பக்தியில் கேட்டபோது உறைக்கவில்லை, கணக்குக்காரியாக யோசித்தபோதுதான் உறைத்தது. ஓலை செல்லரிக்கும், சொல்கிறவன் மாறுவான், எவனோ ஒருவன் இதைத் தனதென்பான் என்று தெரிந்த ஒருவரின் ஏற்பாடு இது. பாட்டை எடுத்துக்கொண்டு போகிறவன் பெயரையும் சுமந்துதான் ஆக வேண்டும்.

அதனால் எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்தேன். பீரோ, ரஜாய், வியர்வை. கவிதைக்குள்ளேயே முத்திரை வைக்க முயன்று பார்த்தேன். புதுக்கவிதையில் என் பெயர் விளம்பரப் பலகை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. வேண்டாம் என்று வெளியே எடுத்தேன். முதலில் தலைப்பு, பிறகு “எழுதிப் படிப்பது” என்று என் பெயர், கூடவே பெரம்பூர். ஊர் எதற்கு என்றால், என் பெயரில் இந்த நகரத்தில் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள், வெறும் பெயரைத் தேடினால் பல் மருத்துவர்கள்தான் வருகிறார்கள். ஊரைச் சேர்த்துத் தேடினால் என் யூடியூப் பக்கம் வருகிறது. காதால் கேட்ட பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். ‘கவிதை’ என்ற ஒரு சொல்லுக்கே மூன்று எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் இருக்கிறது. அத்தனையையும் பக்கக் குறிப்பில் போட்டு வைத்தேன். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. விளம்பரத்துக்குப் போட்ட பணம் செய்யாததை இது செய்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் முன்பின் தெரியாத எண்களிலிருந்து “பெரம்பூர் அக்காதானே?” என்று கேட்டு இப்போது செய்திகள் வருகின்றன. ஒருவர் அம்மாவின் திதியன்று ஒரு கவிதையை ஒலிக்கவிட்டதாகச் சொல்லி, யுபிஐயில் நூற்றொரு ரூபாய் அனுப்பினார். ஒற்றைப்படை ஒரு ரூபாயோடு. மொய் எழுதுகிற ஊர்.

யூடியூப் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டவில்லை. மாமி கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் போனுக்கும் ஏதோ ஒரு குழுவிலிருந்து வந்திருக்க வேண்டும், ஒருநாள் குப்பைக்கூடையோடு நின்றபடி, “அந்த இட்லிக்கடைக் கவிதை நல்லா இருந்தது” என்றார். எந்தக் கவிதையை என்றுகூட நான் அவரிடம் சொன்னதில்லை.

தம்பிக்கும் எனக்கும் நடுவில் வழக்குதான் இன்னும் தீரவில்லை. பெயரை முன்னால் வைத்தால் இலங்கை வானொலி அறிவிப்பு மாதிரி இருக்கிறது, கடைசியில்தான் வைக்க வேண்டும் என்கிறான். கௌஹர் ஜானும் சம்பந்தரும் கடைசியில்தானே வைத்தார்கள் என்று என் உதாரணங்களையே எனக்கெதிராகத் திருப்புகிறான். கடைசி வரி முடிந்த கையோடு நான் என் பெயரைச் சொன்னால் அந்த வரி செத்துவிடும் என்பது என் கட்சி. தவிர, கடைசி நொடிகளை வெட்டிவிட்டு அனுப்புவது எவனுக்கும் சுலபம். முன்னாலிருப்பதை வெட்டுவதும் அதே சுலபம்தான் என்கிறான் அவன். அடுத்த தொகுப்புக்குப் பாதிக் கவிதைகளில் முன்னால், பாதியில் பின்னால் வைத்து அனுப்பிப் பார்ப்பதாக ஒப்பந்தம். எது பெயரோடு திரும்பி வருகிறது என்று பெரியம்மாவின் குழுவில் பார்த்துக்கொள்வோம்.